மணல்வெளி வண்டிக்கு ஏற்ற எஞ்சின்

மணற்குன்றுகளின்மீதும் பாதையற்ற பாலைநிலத்தின்மீதும் ஓட்டுதற்கென்று அமைந்த சிறுவண்டியை அமெரிக்கர் ‘டியூன் பக்கி’ என்பர். இதனை உடையோர் பலர்க்கும் ஒரு நாள் ஓர் ஆசை பிறக்கின்றது. அஃதாவது, உள்ள எஞ்சினைக் கழற்றிவிட்டு அதனினும் வலியதொன்றைப் பொருத்துதல் வேண்டும் என்பதே. ஆசைப்படுதல் எளிது, தெரிந்தெடுத்தல் அரிது. தவறான எஞ்சினைப் பொருத்தியவன் பணத்தை மட்டும் இழப்பதில்லை. ஊரும் நீரும் இல்லாத வெளியில் முறிந்த வண்டியோடு தனித்து நிற்கவும் நேரிடும். ஆதலின் இதனைச் சற்று விரிவாக ஆராயப் புகுகின்றோம்.

இவ்வகை வண்டிகளுள் பெரும்புகழ் பெற்றது ‘மேயர்ஸ் மாங்க்ஸ்’ என்பது. கலிபோர்னியாவில் படகு கட்டும் தொழிலில் பழகிய புரூஸ் மேயர்ஸ் என்பார் 1964-ஆம் ஆண்டில் இதனை முதன்முதல் உருவாக்கினார். கண்ணாடி நாரினால் வார்த்த உடலையும் வோக்ஸ்வாகன் ‘பீட்டில்’ காரின் உறுப்புகளையும் இணைத்ததே அவர் செய்த புதுமை. சில வண்டிகள் செய்தபின், பீட்டிலின் அடித்தளத்தையே ஏறக்குறைய 14 அங்குலம் வெட்டிக் குறுக்கி, அதன்மேல் உடலைப் பொருத்தும் முறையை அவர் மேற்கொண்டார். 1967 ஏப்ரலில் அவரும் டெட் மாங்கல்ஸ் என்பாரும் மெக்ஸிகோவைச் சார்ந்த பாஹா கலிபோர்னியாத் தீபகற்பத்தில் லாபாஸ் நகரிலிருந்து டிஹுவானா வரை 34 மணி 45 நிமிஷத்தில் ஓட்டிச் சேர்ந்தனர். அதற்குமுன் மோட்டார் சைக்கிளில் சென்றோர் எடுத்த நேரத்தினும் இஃது ஐந்து மணிக்குமேல் குறைவு.

இவ்வண்டியின் வலிமையெல்லாம் அதன் மெலிவிலேயே உள்ளது. ஒரு சிறு கணக்கால் இதனை விளக்குவோம். பீட்டில் கார் ஏறக்குறைய 800 கிலோகிராம் நிறையுடையது. அதன் 1600 சி.சி. எஞ்சின் சுமார் 50 குதிரைச்சக்தி தருவது. ஆகவே ஒவ்வொரு குதிரையும் 16 கிலோகிராம் சுமக்கின்றது. அதே எஞ்சினை 600 கிலோகிராம் நிறையுள்ள பக்கியில் வைத்தால் 12 கிலோகிராமே சுமக்கும். எஞ்சினில் ஒரு திருகாணியையும் தொடாமலே சுமையில் நாலில் ஒரு பங்கு நீங்கிவிட்டது! எனவே, புதிய எஞ்சின் எவ்வளவு சக்தி தரும் என்று வினவுமுன், எவ்வளவு நிறையைக் கொண்டுவரும் என்று வினவுதல் வேண்டும்.

நிறை மட்டுமன்று, அது தங்கும் இடமும் கருதத்தக்கது. பீட்டிலின் எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் தொங்குகின்றது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே மாங்க்ஸ் வண்டியில் உள்ள தூரமோ சுமார் இரண்டு மீட்டரே. இப்பொழுது 40 கிலோகிராம் மிகுதியான எஞ்சினை, பின்னச்சுக்கு அரை மீட்டர் பின்னால் அமைத்ததாகக் கொள்வோம். துலாக்கோல் சாய்வதுபோல, முன் சக்கரங்களின் மேலுள்ள பாரம் 10 கிலோகிராம் குறையும். பின் சக்கரங்களின் மேலுள்ளது 50 கிலோகிராம் கூடும். முன்பக்கம் இயல்பாகவே இலேசான வண்டிக்கு இவ்விழப்பு சிறிதன்று. செங்குத்தான மேட்டில் ஏறுங்கால் எஞ்சிய பாரமும் பின்னோக்கிச் செல்லும். அப்பொழுது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. முன் சக்கரங்கள் மணலை உழுதுகொண்டே நேராகச் செல்லும்.

இனி, எஞ்சின்களை நோக்குவோம். முன்னாளில் பலரைக் கவர்ந்தது செவ்ரோலே கம்பெனியாரின் ‘கார்வேர்’ எஞ்சின். 1968-இல் வெளிவந்த ‘தாமஸ் கிரௌன் அஃபேர்’ என்னும் படக்காட்சியில் ஸ்டீவ் மக்குயின் கடற்கரையில் ஓட்டிய மாங்க்ஸ் வண்டியில் இருந்தது இதுவே. ஆறு சிலிண்டர்கள் இருபுறமும் படுத்த நிலையில் உள்ளன, காற்றினாலேயே குளிர்வது, 2.7 லிட்டர் அளவினது. சாதாரண வகைகளே 95, 110 குதிரைச்சக்தி என்று கூறப்பட்டவை. குறைகளும் உள. சிலிண்டர் ஆறு ஆதலின் பீட்டிலின் எஞ்சினைக் காட்டிலும் நீளமானது, பாரமும் மிக்கது. மேலே கணக்கிட்ட துலாக்கோல் இங்கே இன்னும் சாயும். குளிர்விக்கும் விசிறி எஞ்சினின் தலைமேல் கிடையாகச் சுழல்வதால், அதன் பெல்ட்டு நேர்கோணமாக முறுக்கிக்கொண்டு ஓடவேண்டும். அது கழன்று விழுதல் கார்வேர் உடையோர் நன்கறிந்த தொல்லை.

இவற்றினும் வேடிக்கையானது ஒன்று உண்டு. கார்வேர் எஞ்சின் வோக்ஸ்வாகன் எஞ்சினுக்கு எதிர்த்திசையில் சுழல்வது. அதனை அப்படியே பீட்டிலின் கியர்ப்பெட்டியோடு பூட்டினால், முன்செல்ல ஒரு கியரும் பின்செல்ல நான்கு கியர்களும் கிடைக்கும்! இதற்காகக் கியர்ப்பெட்டியைப் பிரித்து, உள்ளிருக்கும் பெரிய பற்சக்கரத்தை மறுபக்கத்திற்கு மாற்றிப் பூட்டுவர். அன்றி எஞ்சினையே திசைமாறிச் சுழலுமாறு திருத்துவர். கார்வேர் காரின் உற்பத்தி 1969-இல் நின்றுவிட்டமையையும் மறத்தலாகாது.

எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பற்றி மிகுதியாக எழுதவேண்டுவதில்லை. அது சவுலின் கவசம். தாவீது அதனை அணிந்து நடக்கமாட்டாமல் களைந்தது போலவே இவ்வண்டியும் களையவேண்டியதாகும்.

இக்காலத்தில் பலரும் நாடுவது ஜப்பானிய ‘சுபாரு’ எஞ்சின். 1990-ஐ ஒட்டி வெளிவந்த அதன் 2.2 லிட்டர் வகை ஏறக்குறைய 130 குதிரைச்சக்தி உடையது. இதுவும் சிலிண்டர்கள் படுத்த எஞ்சினே; வோக்ஸ்வாகன் சுழலும் திசையிலேயே சுழல்வது; இடைத்தகடு ஒன்றினால் பழைய கியர்ப்பெட்டியோடு பொருத்திவிடலாம். பெட்ரோலைப் பீச்சிச் செலுத்தும் அமைப்பு இருப்பதால், கார்ப்புரேட்டரின் மிதவைக் கிண்ணம்போல் சரிவிலும் குலுக்கலிலும் தடுமாறுவதில்லை. ஆயினும் இது நீரினால் குளிர்வது. ரேடியேட்டர் வேண்டும், நீர் வேண்டும், குழாய் வேண்டும், மின்விசிறி வேண்டும், கம்பிக் கற்றையும் கணிப்பொறியும் வேண்டும். ஒவ்வொன்றும் தனியே இலேசானதுதான். மயிற்பீலியையும் வண்டியச்சையும் இணைத்துப் பாடிய வள்ளுவனார் இத்தகையோரை மனத்திற் கொண்டார் போலும்! ரேடியேட்டரை முன்னே வைத்தால் முன்பக்கத்திற்குப் பாரம் கிடைக்கும், அது நன்மையே; ஆனால் கற்கள் வந்து தாக்குவதும் அங்கேதான்.

மூன்றாவது வழி, பழைய எஞ்சினையே பெரிதாக்குதல். 1600 சி.சி. எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 85.5 மில்லிமீட்டர். எஞ்சினின் கூட்டைக் குடைந்து 90.5 மில்லிமீட்டர் சிலிண்டர்களைப் பொருத்தினால் 1776 சி.சி. ஆகும். நிறை மிகுவதில்லை, இடம் மாறுவதில்லை, திசையும் மாறுவதில்லை. சூடு மட்டும் மிகும். எண்ணெயைக் குளிர்விக்கத் தனிக் கருவி வைத்தல் நலம். மெக்ஸிகோவின் புவெப்லா நகரில் 2003 வரை பீட்டில் கார்கள் உற்பத்தியாகி வந்தமையால், அந்நாட்டின் வழியோரத்திலும் இவ்வெஞ்சினை அறிந்த கைகள் கிடைக்கும்.

எதனைப் பொருத்தினும் கியர்ப்பெட்டியின் பாடு தனி. அது சுமார் 50 குதிரைச்சக்திக்கென்று அமைந்தது. வண்டி மேட்டிலிருந்து தாவுங்கால் பின்சக்கரங்கள் அந்தரத்தில் மிகுவேகமாகச் சுழலும். தரையைத் தொட்ட நொடியில் அவ்வேகம் சட்டென்று தடைப்படும். அந்த அடி முழுவதையும் ஏற்பவை அச்சுகளும் பற்சக்கரங்களுமே. சக்தி இரட்டித்த எஞ்சினுக்குப் பின் முறிவது பெரும்பாலும் எஞ்சினன்று, இவையே.

எமது கருத்தில், துணையின்றி நெடுந்தூரம் பாலையில் செல்வோனுக்கு 1776 சி.சி. எஞ்சினே தக்கது. நண்பர்களும் இழுவை வண்டியும் அருகிலிருக்க, மணற்குன்றுகளில் விளையாடுவோன் சுபாருவைப் பொருத்தலாம். ஆனால் கியர்ப்பெட்டியையும் பிரேக்குகளையும் முதலில் வலுப்படுத்திவிட்டுப் பின்னரே எஞ்சினுக்குப் பணம் கொடுத்தல் வேண்டும். கார்வேரைப் பழமையின்மேல் காதல் கொண்டோர்க்கு விட்டுவிடுகின்றோம். இம்மூவரும் எஞ்சினை விலைபேசுமுன் வண்டியின் முன்சக்கரங்களை ஒரு தராசின்மேல் ஏற்றி, அங்கே நிற்கும் பாரம் இவ்வளவென்று குறித்துக்கொள்வார்களாக.