வழிகாட்டும் ஆசிரியர்

பல்கலைக்கழகத்தில் மாணவர் பெறும் கல்வி இருவகைப்படும். வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்படுவது ஒன்று. ஆசிரியர் ஒருவர், தம்மை நாடி வந்த மாணவரின் இயல்பறிந்து, அவருக்கென்றே சொல்வது மற்றொன்று. எந்த நூலை முதலிற் படிப்பது, சோதனை பொய்த்தால் பிழையை எங்கே தேடுவது, மேற்படிப்புக்கு யாரை அணுகுவது என்பனவற்றைப் பாடத்திட்டம் கூறுவதில்லை. கற்றோர் நிறைந்த இல்லத்திலிருந்து வருபவர் இவற்றுட் சிலவற்றை வீட்டிலேயே அறிகின்றார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவருக்கோ ஆசிரியரே துணை.

இதற்குச் சான்றாக ஆசாரிய பிரபுல்ல சந்திர ராயின் வாழ்வை நோக்குவோம். எடின்பரோவில் பயின்று திரும்பிய அவர், 1889-இல் கல்கத்தா பிரெஸிடென்ஸி கல்லூரியில் ரசாயன ஆசிரியரானார். புதிதாகச் சேர்ந்த இளைஞருக்குத் தாமே பாடம் சொல்வதை அவர் பெரிதும் விரும்பினார். 1916-இல் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரிக்குச் சென்றபின், அக்கட்டடத்திலேயே ஓர் அறையில் எளிமையாக வாழ்ந்தார். அறுபது வயதுக்குப் பின் தம் ஊதியத்தையும் ரசாயனத் துறையின் வளர்ச்சிக்கே விட்டுக்கொடுத்தார்.

அவரிடம் பயின்றோர் ஒரே அச்சில் வார்க்கப்படவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. நீல ரத்தன தர் அலகாபாத்தில் ஆராய்ச்சியை வளர்த்தார். ஞான சந்திர கோஷ் கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநரானார். ஞானேந்திர நாத முகர்ஜி மண்ணியலில் உழைத்தார். டாக்கா அருகே ஒரு சிற்றூரில் ஏழைக் கடைக்காரரின் மகனாய்ப் பிறந்த மேகநாத சாகா, கணிதத்தை விட்டுப் பௌதிகத்தை மேற்கொண்டு, 1920-இல் விண்மீன்களின் ஒளியை ஆராயத் துணைபுரியும் அயனியாக்கச் சமன்பாட்டை வெளியிட்டார். துறை மாறினும் உறவு மாறவில்லை. 1922-இல் வட வங்காளம் வெள்ளத்தால் வருந்தியபோது, ராய் நடத்திய நிவாரணப் பணியில் சாகாவும் தோள்கொடுத்தார்.

இவ்வுறவுக்கு வேறொரு பக்கமும் உண்டு. ஆராய்ச்சி மாணவரின் பட்டம் பெரும்பாலும் வழிகாட்டியின் கையொப்பத்தை எதிர்நோக்கியே நிற்கின்றது. ஆசிரியர் நடுநிலை தவறினால் மாணவரின் ஆண்டுகள் வீணாகும். அச்சத்தால் அவர் வாய்திறக்கவும் தயங்குவார். எனவே, வழிகாட்டியை மாற்றிக்கொள்ளவும் முறையிடவும் வாய்ப்பிருத்தல் இன்றியமையாதது.

இக்காலத்தில் பல கல்லூரிகள் ஒவ்வோர் ஆசிரியரிடமும் சில மாணவரை ஒப்படைக்கின்றன. பெயர்ப் பட்டியலால் மட்டும் உறவு பிறந்துவிடாது. மாணவர் தயக்கமின்றி வந்து வினவுவதற்கு ஆசிரியருக்கு ஓய்வு நேரம் வேண்டும். கேட்கும் பொறுமையும் வேண்டும். தம்மினும் வேறான பாதையில் மாணவர் செல்லும்போது மகிழும் உள்ளமே நல்ல வழிகாட்டியின் இலக்கணம் என்போம்.