வேன் வராத மாசம்

மே மாசம். காலை எட்டு மணி. காரைக்காலில் என் நண்பன் வீட்டு வாசல். யூனிஃபார்ம் போட்டு, பையை மாட்டிக்கொண்டு, கேட்டைப் பிடித்தபடி நிற்கிறான் அவன் மகன். ஒன்பது வயசு. ஸ்கூல் மூடிப் பத்து நாளாச்சு. வேன் வராது. சொன்னால் பையன் நம்பமாட்டேன் என்கிறான். அவனுக்கு ஆட்டிசம்.

நான் பி.காம்.! டெபிட், கிரெடிட் தாண்டி மூளை ஓடாது. 'லீவு விட்டாச்சு, இனி ஜாலிதான்டா!' என்று ஏப்ரலில் இதே நண்பனிடம் உளறியவன் நான்தான். அவன் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் இந்த வாசலில்தான் விளங்கியது.

நமக்கு லீவு என்றால் அலாரம் இல்லாத தூக்கம். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு அன்றாட ஒழுங்குதான் பிடிமானம். வேன், பெல், டீச்சர், டிபன் பாக்ஸ் எல்லாம் ஒரே நாளில் காணாமல் போனால்? அலறல், தூக்கமின்மை, சில சமயம் தன் கையையே கடித்துக்கொள்வது... அது அடம் இல்லை சார், பதற்றம்.

பெற்றவர்களுக்கோ, ஸ்கூல் நேரத்தில் கிடைத்த கொஞ்ச மூச்சும் கட்!

"மூணு வருஷமா ஒரு கல்யாணத்துக்குப் போகல அண்ணே. மேளச் சத்தம் கேட்டா காதைப் பொத்திக்கிட்டுக் கத்துவான். எல்லாரும் என்னைத்தான் பார்ப்பாங்க" என்றார் நண்பனின் மனைவி. 'வளர்ப்பு சரியில்லை' என்று அக்கம்பக்கத்து சர்டிஃபிகேட் வேறு.

அது ரொம்பப் பழைய சர்டிஃபிகேட். 1943-ல் டாக்டர் லியோ கன்னர், 11 குழந்தைகளைப் பார்த்து ஆட்டிசம் பற்றி எழுதினார். பிற்பாடு, 'பாசமில்லாத தாய்தான் காரணம்' என்று படித்தவர்களே பேசினார்கள். 1964-ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் புத்தகம் எழுதி அதை உடைத்தார். அவரே ஆட்டிசம் உள்ள பையனின் தகப்பன்! 1991-ல் டெல்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' தொடங்கிய மெரி பருவாவும் ஒரு தாய். பட்டவர்களுக்குத்தான் பட்டவர்கள் துணை. நாம்? வேடிக்கை பார்க்கிறோம்.

சிறப்பு ஆசிரியர் ஒருவர் யோசனை சொன்னார். காலண்டர் அட்டையில் அன்றைய வேலைகளைப் படமாக ஒட்டினான் நண்பன். பல் தேய்ப்பது, இட்லி, கடல், குளியல், தூக்கம். வேன் படத்தின் மேல் பெருக்கல் குறி. கூட்டம் வருமுன், விடிகாலை ஐந்தரைக்கே பீச். பையன் கிளிஞ்சல்களை ஒரே வரிசையாக அடுக்குவான். ஒரு வாரத்தில் யூனிஃபார்ம் போடுவது நின்றது.

என் பங்கு? ஞாயிறு காலை ஒரு மணி நேரம். "நான் பையனோட இருக்கேன், ரெண்டு பேரும் வெளியே போயிட்டு வாங்க."

முதல் ஞாயிறு, இருபதே நிமிஷத்தில் திரும்பிவிட்டார்கள். "பயமா இருந்துச்சுடா" என்றான். நாலாவது ஞாயிறு முழுசாக ஒரு மணி நேரம். என்ன செய்தீர்கள் என்றேன். "ஒண்ணுமே செய்யல அண்ணே. பாரதியார் ரோட்டுல சும்மா நடந்தோம்" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது.

தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒரு அப்பா இருக்கலாம். இதைச் சொல்லுங்கள். அட்வைஸ் வேண்டாம். ஒரு மணி நேரம் கொடுங்கள்.

ஸ்கூல் திறந்தாச்சு. போன வாரம் அட்டையைப் பார்த்தேன். ஞாயிறு கட்டத்தில் என் போட்டோ. ஒட்டியது பையன்தானாம்.

போச்சு... இனி எனக்கு லீவே கிடையாது!