டிசம்பரில் எட்டாத ஊர்: வளைகுடா இந்தியர்களின் கிறிஸ்துமஸ்

நமது சிறப்பு நிருபர்

புது தில்லி, டிச. 23: நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகளாக ஒலித்துவரும் கோரிக்கை ஒன்று உண்டு. பண்டிகைக் காலத்தில் வளைகுடா நாடுகளிலிருந்து கேரளத்துக்கு வரும் விமானங்களின் கட்டணத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதே அது. கேரள உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி எழுப்பும் இக் கோரிக்கைக்கு, விமானப் போக்குவரத்து அமைச்சகம் அளிக்கும் பதிலும் பெரிதாக மாறுவதில்லை. குளிர்காலக் கூட்டத்தொடர் முடிந்ததும் உறுப்பினர்கள் ஊர் திரும்பிவிடுகின்றனர். ஊர் திரும்ப இயலாத குடும்பங்கள் துபாயிலும் தோஹாவிலும் குவைத்திலும் கிறிஸ்துமஸைக் கழிக்கின்றன.

நான்கு பேர், எட்டுப் பயணங்கள்: தனியாகப் பணிபுரிபவர் கட்டணம் குறைவான மாதத்தில் விடுப்பு எடுத்து வந்து போகலாம். குடும்பத்துடன் வசிப்பவருக்கு அந்த வசதி இல்லை. பள்ளி விடுமுறையே பயண நாளை முடிவு செய்கிறது. இரண்டு வயதைக் கடந்த குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும். ஆகவே கணவன், மனைவி, இரு பிள்ளைகள் என்றால் போகவர எட்டுப் பயணங்களுக்குப் பணம் கட்ட வேண்டும். எல்லோரும் ஒரே வாரத்தில் புறப்படுவதால் கட்டணம் இரண்டு, மூன்று மடங்காக உயர்கிறது. திருவனந்தபுரம் விமான நிலையத்தை நம்பியுள்ள குமரி மாவட்டக் குடும்பங்களின் நிலையும் இதுவே.

அங்கே பண்டிகை: ஐக்கிய அரபு அமீரகத்தில் டிசம்பர் 25 பொது விடுமுறை நாள் அல்ல. வேலை முடிந்த பிறகே தேவாலயம். அன்றைய துபாய் ஆட்சியாளர் வழங்கிய நிலத்தில் 1967-ல் எழுந்த புனித மரியன்னை ஆலயத்தில் மலையாளம், கொங்கணி, தமிழ் மொழிகளிலும் திருப்பலி உண்டு. கத்தாரில் முதல் தேவாலயம் 2008-ல்தான் திறக்கப்பட்டது. பஹ்ரைனின் அவாலியில் பேராலயம் 2021-ல் எழுந்தது. சவூதி அரேபியாவில் தேவாலயமே இல்லை, வழிபாடு வீட்டுக்குள்தான். அடுக்குமாடி வீட்டு வாசலில் காகித நட்சத்திரம், காலையில் அப்பமும் ஸ்டூவும், மாலையில் கேக் என்று ஊரை அங்கேயே உருவாக்கிக் கொள்கின்றனர். தாத்தா, பாட்டியை மட்டும் உருவாக்கிக்கொள்ள முடிவதில்லை.

அரசின் பதில்: விமான நிறுவனங்கள் சட்டம் 1994-ல் ரத்தானபின் கட்டணத்துக்கு அரசின் ஒப்புதல் தேவையில்லை, 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 135-ஆவது விதிப்படி, இயக்கச் செலவு, நியாயமான லாபம் உள்ளிட்டவற்றைக் கருதி நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்பது அமைச்சகத்தின் நிலை. ஆனால், கொரோனா காலத்தில் 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை உள்நாட்டுக் கட்டணங்களுக்கு அரசே வரம்பு விதித்தது. தேவை என்று கருதினால் தலையிட முடியும் என்பதற்கு அதுவே சான்று. கட்டணங்களைக் கண்காணிக்க, நீதிமன்றத்தை ஒத்த அதிகாரம் கொண்ட தனி அமைப்பு வேண்டும் என்று போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டுத் துறைகளுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஜூலையில் வடகரை உறுப்பினர் ஷாஃபி பரம்பில், கட்டண உயர்வு குறித்து மக்களவையில் தனிநபர் தீர்மானம் கொண்டு வந்தார்.

இருக்கைகள் எங்கே? பன்னாட்டுத் தடங்களில் இருக்கைகளின் எண்ணிக்கை இரு அரசுகளின் உடன்பாட்டுக்குக் கட்டுப்பட்டது. துபாய் தடத்தில் 2014-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 66 ஆயிரம் இருக்கைகள். அதை உயர்த்துமாறு அமீரகம் கேட்டு வந்துள்ளது. அவ்வாறு செய்தால் இந்தியப் பயணிகளை வளைகுடா நிறுவனங்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அழைத்துச் சென்றுவிடும், உள்நாட்டு நிறுவனங்கள் நலியும் என்பது தில்லியின் அச்சம். இந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், அந்தப் பாதுகாப்புக்கான விலையைக் கொடுப்பவர் சாதாரணத் தொழிலாளியும் செவிலியரும்தான்.

வாக்கும் விமானத்தில்: உலக வங்கிக் கணக்கின்படி 2024-ல் வெளிநாடுவாழ் இந்தியர்கள் தாயகத்துக்கு அனுப்பிய தொகை சுமார் 12,900 கோடி டாலர். இதில் வளைகுடாவின் பங்கு கணிசமானது. ஆனால், அரசியல் எடை அதற்கு ஈடாக இல்லை. 2010-ஆம் ஆண்டு சட்டத் திருத்தம் அவர்களுக்கு வாக்காளர் பட்டியலில் இடம் அளித்தது. வாக்களிக்க நேரில் வர வேண்டும். பதிலாள் மூலம் வாக்களிக்க வகை செய்யும் மசோதா 2018-ல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைக் கடக்காமல் 2019-ல் காலாவதியானது. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லும் வாக்கைப் பதிவு செய்யவும் அதே கட்டணத்தைக் கொடுத்துத்தான் வர வேண்டும்.

ஆண்டு முழுவதும் கட்டணத்தை நிர்ணயிக்குமாறு யாரும் கோரவில்லை. பள்ளி விடுமுறை நாள்கள் முன்கூட்டியே தெரிந்தவை. அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் கூடுதல் விமானங்களும் உச்சவரம்பும் வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. நிலைக்குழுவின் பரிந்துரையைச் செயல்படுத்த அரசு முன்வந்தால், அடுத்த கிறிஸ்துமஸுக்காவது சில குடும்பங்கள் ஊர் வந்து சேரும்.