விஞ்ஞானமும் பள்ளிக்கூடமும் – 9: நர்மதைக் கரைப் பள்ளிகள்

பள்ளிக் கல்வியின் முதல் 10 ஆண்டுகளிலும் விஞ்ஞானமும் கணிதமும் எல்லா மாணாக்கர்களுக்கும் கட்டாயப் பாடங்களாக இருத்தல் வேண்டும் என்று கோத்தாரி கமிஷன் 1966-இல் சிபாரிசு செய்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். ஒரு பாடத்தைக் கட்டாயமாக்குவது சர்க்காருக்கு ஓர் உத்தரவில் முடிகிற காரியம். ஆனால் ஆய்வுக்கூடமும் உபகரணங்களும் இல்லாத, உபாத்தியாயர்களில் பலர் விஞ்ஞானம் பயின்றிராத ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் அந்தப் பாடம் எவ்விதம் நடைபெறும் என்ற வினாவுக்கு, மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் ஜில்லாவில் 1972 முதல் 2002 வரை நடைபெற்ற முயற்சியைப் போல் விரிவானதொரு விடை நம் தேசத்தில் வேறெங்கும் கிடைத்ததாக நான் அறியேன்.

இப்போது நர்மதாபுரம் என்று வழங்கும் அந்த ஜில்லாவில் அக்காலத்தில் இரண்டு சேவா ஸ்தாபனங்கள் பணியாற்றி வந்தன. ஒன்று, ரசூலியாவில் குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் நிறுவிய ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர். மற்றது, பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானியாக இருந்த அனில் சத்கோபால், அப்பதவியைத் துறந்து வந்து பன்கேடியை அடுத்துத் தொடங்கிய கிஷோர் பாரதி. இவ்விரண்டும் சர்க்காரிடம் கேட்டது பெருந்தொகையன்று. 16 நடுநிலைப் பள்ளிகளில் விஞ்ஞான போதனையை வேறு முறையில் நடத்திப் பார்ப்பதற்கு உரிய சுதந்திரத்தையே கேட்டன. அந்த அனுமதி 1972-இல் கிடைத்தது. டாடா நிலையத்து விஞ்ஞானிகளும் டில்லி சர்வகலாசாலைப் பேராசிரியர்களும் அந்தக் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தனர். சர்வகலாசாலை ஆசிரியர்கள் அங்கே தங்கிப் பணியாற்றுவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு உதவியளித்தது.

அவர்கள் உபாத்தியாயர்களோடு கூடி உருவாக்கிய 'பால் வைஞானிக்' என்னும் நூலில் மனனம் செய்வதற்கு உரிய விளக்கங்கள் இல்லை. செய்ய வேண்டிய பரிசோதனைகளும், கேட்க வேண்டிய கேள்விகளுமே உண்டு. பிள்ளைகள் சிறு குழுக்களாக அமர்ந்து பரிசோதனையைத் தாமே செய்து, கண்டதைத் தம் சொந்த வாசகத்தில் எழுதி, பிறகு வகுப்பு முழுவதும் விவாதித்து ஒரு முடிவுக்கு வருவார்கள். வயல்வெளிக்குச் சென்று செடிகளைப் பறித்து வந்து, இலையின் நரம்புகள் எவ்வாறு ஓடுகின்றன, வேர் எவ்வகையில் அமைந்திருக்கிறது என்று ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையே ஒரு சம்பந்தம் இருப்பதைத் தாமே கண்டுபிடிப்பார்கள். நாணயத்தைப் பலமுறை சுண்டிப் பார்த்து, தலை விழுந்ததையும் பூ விழுந்ததையும் குறித்துக்கொண்டே சென்று, நிகழ்தகவு என்னும் நுட்பமான கருத்தை எட்டுவார்கள். விலையுயர்ந்த கருவிகள் வேண்டியிருக்கவில்லை. 1978-இல் வேலையிலிருந்து விடுப்புப் பெற்று அங்கே வந்த அரவிந்த குப்தா என்னும் பொறியாளர், சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சிகளையும் இணைத்துக் கன வடிவங்கள் செய்யும் முறையைக் கண்டது இந்தச் சூழ்நிலையில்தான்.

இவையாவும் ஸ்தாபனங்களும் தனிமனிதர்களும் செய்யக்கூடியவை. சர்க்காரைத் தவிர வேறெவராலும் செய்ய இயலாதவை சில உண்டு. ஹோஷங்காபாத்தின் உண்மையான பாடம் அவற்றில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். கோடை விடுமுறையில் மூன்று வார காலம் உபாத்தியாயர்கள் பயிற்சிக்கு வந்து, மாணாக்கர்கள் செய்யவேண்டிய அதே பரிசோதனைகளைத் தம் கைகளால் செய்து, தமக்கு விடை தெரியாத இடங்களைச் சக உபாத்தியாயர்களின் முன் கூசாமல் வெளியிட்டுப் பேசுவதற்கு, அந்நாட்கள் பணிக்காலமாகக் கருதப்படுவதும் பயணப்படி கிடைப்பதும் அவசியமாயிருந்தன. அவற்றைச் சர்க்கார் அளித்தது. மாதந்தோறும் ஒரு மையப் பள்ளியில் கூடி, எந்தப் பரிசோதனை சரிவர நடந்தது, எது தவறியது, ஏன் தவறியது என்று ஆலோசிக்கும் ஏற்பாட்டுக்கும் அது இடம் கொடுத்தது. பாட உபகரணங்களை வழங்கும் பொறுப்பையும் ஏற்றது.

எல்லாவற்றிலும் முக்கியமானது பரீட்சை. பரீட்சை பழைய முறையில் இருக்கும்வரை, வகுப்பறையில் எவ்வளவு சிறந்த போதனை நடந்தாலும், ஜனவரி மாதம் பிறந்தவுடன் உபாத்தியாயரும் பெற்றோரும் பிள்ளையை மனனத்தின் பக்கமே திருப்பிவிடுவார்கள். இதில் அவர்களைக் குறை கூறுவதற்கும் இல்லை. ஹோஷங்காபாத்திலோ எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் பரீட்சையில் மாணாக்கர்கள் புத்தகத்தையும் தம் குறிப்பேட்டையும் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம் என்றும், எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு என்றும் சர்க்கார் அங்கீகரித்தது. தேசத்தில் எத்தனையோ கல்வித் திட்டங்கள் பாடநூலை மாற்றியதோடு நின்றுவிட்டன. பரீட்சையைத் தொடும் துணிவு இங்கேதான் பிறந்தது.

1978-இல் ஜில்லாவின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் இம்முறை விரிந்தது. 1982-இல் ஏகலவ்யா என்னும் ஸ்தாபனம் தோன்றி இப்பணியை ஏற்று, பிற ஜில்லாக்களின் பள்ளிகளுக்கும் கொண்டுசென்றது. சவாலிராம் என்ற கற்பனைப் பாத்திரத்துக்குப் பிள்ளைகள் தங்கள் ஐயங்களைக் கடிதமாக எழுத, அவற்றுக்குப் பதில்கள் சென்றுகொண்டிருந்தன.

குறைகள் இல்லாமலில்லை. பயிற்சி பெற்ற உபாத்தியாயர் மாற்றலாகிப் போக, பயிற்சியில்லாதவர் அவ்விடத்துக்கு வருவதுண்டு. ஒன்பதாம் வகுப்பில் பழைய முறையே காத்திருந்தபடியால், தம் பிள்ளைகள் அங்கே பின்தங்கிவிடுவார்களோ என்று பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானதே. அதற்குப் பரிகாரம், மேல் வகுப்புகளிலும் மாறுதலைக் கொண்டுசெல்வதாயிருந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. மாநிலம் முழுவதற்கும் ஒரே பாடநூல் என்ற வாதத்தை முன்னிட்டு, விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் எழுப்பிய ஆட்சேபங்களுக்குப் பின்னரும், 2002-இல் சர்க்கார் இத்திட்டத்தை நிறுத்திவிட்டது.

முப்பது ஆண்டுகள் ஆதரவளித்த சர்க்காரை நன்றியோடு நினைப்பதே முறை. ஆயினும் அந்த ஆதரவு கடைசிவரையில் பிறருடைய முயற்சிக்கு அளித்த அனுமதியாகவே இருந்ததன்றி, கல்வி இலாகா தன் சொந்தக் கடமையாக ஏற்று, சட்டத்திலும் வரவு செலவுத் திட்டத்திலும் ஆசிரியர் நியமன விதிகளிலும் ஊன்றி வைத்த ஏற்பாடாக ஆகவில்லை. அதனால்தான் ஓர் உத்தரவால் அதை நீக்க முடிந்தது. புதிய ஆய்வுக்கூடத்துக்கு நிதி ஒதுக்கப்பட்டது என்ற செய்தியைப் படிக்கும் வாசகர்கள், உபாத்தியாயர் கூடிப் பேசுவதற்கு மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருக்கிறதா, பரீட்சை முறை மாறியிருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் தங்கள் பிரதிநிதிகளிடம் கேட்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

(தொடரும்)