தரையில் தூங்கும் பருந்துகள்

பெங்களூருக்கு வடமேற்கே சுமார் 30 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது ஹெசரகட்டா. 1894-ல் அர்க்காவதி ஆற்றில் ஏரி கட்டி, நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த ஊர் அது. ஏரியை அடுத்து ஒரு பெரிய புல்வெளி. பகலில் பார்ப்பவர்கள், "வெறும் தரிசு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

மார்கழி, தை மாதங்களில் மாலை 5½ மணிக்குப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

"ஷிப்டு" மாறும் நேரம்

பூனைப் பருந்துகள் புல்லின் நுனியை உரசுவதுபோலத் தாழப் பறந்து வரும். கஜகஸ்தான், ரஷியா நாட்டுப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பி வரும் பறவைகள் இவை. புரட்டாசி, ஐப்பசியில் வந்தால் பங்குனிவாக்கில்தான் திரும்பும். வெட்டுக்கிளி, எலி, சிறு பறவைகள் இவற்றின் இரை.

மற்றப் பருந்துகள் மரத்தில் அடையும். இவையோ புல்லுக்குள் இறங்கி, தரையிலேயே தூங்கும்!

இவை அடங்கும் வேளையில் ஆந்தைகள் வேலைக்குக் கிளம்பும். குட்டைக்காது ஆந்தையும் குளிர்கால விருந்தாளிதான். அதற்கும் பகலில் புல்தான் படுக்கை. பக்கத்து வயல்களில் கூகை வட்டமிடும். அதன் இரண்டு காதுகளும் ஒரே மட்டத்தில் இல்லை. அதனால் கும்மிருட்டிலும், எலியின் சலசலப்பை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடும். கூகை அலறினால் சாவு என்று பயப்படுகிறவர்கள் உண்டு. உண்மையில் அது விவசாயியின் சம்பளமில்லாத காவல்காரன்.

மரம் நட்டாலும் ஆபத்து

புல்லுக்குத் தீ வைத்தாலோ, உழுதாலோ, கட்டடம் எழுப்பினாலோ இந்தப் பறவைகளுக்குப் படுக்க இடமில்லை. நல்லது என்று நினைத்து வரிசையாக மரம் நட்டாலும் அதே கதிதான். திறந்த வெளி இருந்தால்தான் இவற்றால் வேட்டையாட முடியும்.

இங்கே திரைப்பட நகரம் அமைக்கும் யோசனையும் இருந்தது. பறவை ஆர்வலர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2024 அக்டோபரில், சுமார் 5,678 ஏக்கரைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

பார்க்கப் போகிறவர்களுக்கு

மெஜஸ்டிக்கிலிருந்து ஹெசரகட்டாவுக்குப் பஸ் உண்டு. சூரியன் மறைய அரை மணி இருக்கும்போதே போய், பாதை ஓரத்தில் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். மோட்டார் சைக்கிளைப் புல்லுக்குள் ஓட்டக் கூடாது. டார்ச் அடிக்கவும் கூடாது. மிரண்டு எழும்பும் பருந்து, இருட்டில் வேறு படுக்கை தேடி அலைய வேண்டியிருக்கும்.