கடல்மேற் குடிலில் மூன்று இரவுகள்

கடலிலே தூண் நாட்டி, அதன்மேற் குடில் அமைத்து, வசதி படைத்தோரைத் தங்கவைக்கும் வழக்கம் மாலைதீவிலேயே தோன்றியதென எம்மவரிற் பலர் எண்ணியிருக்கின்றனர். உண்மை அதுவன்று. பசிபிக் மாகடலில், பிரெஞ்சுப் பொலினீசியாவைச் சேர்ந்த ராயாத்தெயா என்னுந் தீவில், 1967 ஆம் ஆண்டு அமெரிக்கர் மூவர் அமைத்த குடில்களே இவ்வகையில் முதலாவன. அவர்களது விடுதிக்கு முன்னால் நல்ல மணற்கரை இருக்கவில்லை. கரை வாய்க்காத குறையைப் போக்கக் குடில்களைத் தண்ணீருக்கே நகர்த்தினர். அவ்வாறு பிறந்த ஏற்பாட்டுக்குத்தான் இன்று ஓரிரவுக்கு ஆயிரம் டொலருக்கு மேலும் அறவிடுகின்றனர்.

மாலைதீவின் கதை இதற்குப் பிந்தியது. 1960களில் அங்கு சென்று பார்த்த ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர்கள், உல்லாசப் பயணத்துறைக்கு இந்நாடு ஏற்றதன்று எனக் கூறிச் சென்றனர். ஆயினும் 1972 ஒக்டோபரில், தலைநகர் மாலேக்கு அண்மையில் ஒரு தீவிலே முதல் விடுதி திறக்கப்பட்டது. முருகைக்கல்லும் தென்னோலையும் கொண்டு கட்டிய முப்பது அறைகள், அவ்வளவே. அவ்விடுதியின் பெயர் குரும்பா. திவேகி மொழியில் அது இளநீர்க்காயைக் குறிக்கும். எங்கள் குரும்பையையும் குரும்பட்டியையும் நினையாது அப்பெயரைக் கடந்துபோக எம்மால் இயலவில்லை. அவர்களது படகின் பெயரும் தோணியே. சம்பலுக்கு இடித்துப் போடும் மாசி எங்கிருந்து எமது குசினிக்கு வந்ததென்பதை எமது தாய்மாரைக் கேட்டாற் கூறுவர்.

இத்தகைய நாட்டிலே மூன்று இரவுகள் தங்கும் வாய்ப்பு அண்மையில் எமக்குக் கிட்டியது. எமது திருமணத்தின் முப்பதாம் ஆண்டை முன்னிட்டுப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து செய்த ஏற்பாடு இது. நாமும் துணைவியாரும் மறுத்துப் பார்த்தோம். அந்தப் பணத்துக்கு ஊரிலே ஒரு கிணறு கட்டலாமே என்றோம். “கிணறு போன வருசமே கட்டியாச்சு, அப்பா” என்றாள் மகள். அதற்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

விடுதியின் பெயரைக் கூறி அதற்கு விளம்பரம் செய்வது எமது நோக்கமன்று. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதே அந்நாட்டின் நெடுங்கால ஒழுங்கு. தீவைச் சுற்றி ஆழமற்ற கடற்பரப்பு. அதற்கப்பால் அலையைத் தடுத்து நிற்கும் முருகைப் பாறை. உள்ளே கடல் குளம்போற் கிடப்பதாலேதான் தூண்களின்மேற் குடில் நிற்க முடிகின்றது. கரையிலிருந்து நீண்டு செல்லும் மரப்பாலத்தின் இருமருங்கும் குடில்கள். தரையில் ஓரிடத்திலே கண்ணாடி பதித்திருந்தனர். அதனூடே இரவில் விளக்கைப் போட்டுக் கீழே மீன்கள் வருவதைப் பார்த்துக்கொண்டு துணைவியார் நெடுநேரம் இருந்தார். ஊரைவிட்டு வந்த பின் எதையும் அவ்வளவு நேரம் சும்மா இருந்து பார்த்ததை நாம் கண்டதில்லை.

அழகு அழகுதான், அதை மறுப்பது பொய். ஆயின் அந்த அழகுக்குப் பின்னால் இயங்குவனவற்றையும் காணவேண்டும். குடிநீர், கடல்நீரை உப்பகற்றிப் பெறப்படுவது. மின்சாரத்துக்குப் பெரும்பாலும் டீசல் மின்பிறப்பாக்கிகள். அரிசி முதல் தக்காளி வரை கப்பலிலோ விமானத்திலோ வந்திறங்குவன. தீவின் நடுவே, மரங்களுக்கும் வேலிக்கும் மறைவில், வேலையாட்களின் இருப்பிடம். விருந்தினர் கண்ணில் அது படாதவாறு அமைத்துள்ளனர்.

எமது குடிலைத் துப்பரவு செய்ய வந்த இளைஞன் மட்டக்களப்பைச் சேர்ந்தவன். முதல்நாள் ஆங்கிலத்திலேயே பேசினான். மறுநாட் காலை துணைவியார் எம்மிடம் ஏதோ கூறியது காதில் விழ, “ஐயா, நீங்க யாழ்ப்பாணமா?” என்று கேட்டான். அதன்பின் அவன் முகமே வேறு. சம்பளத்தில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்புவதாகவும், தங்கை பல்கலைக்கழகம் புகுந்திருப்பதாகவும் கூறினான்.

சுவிசுக்கு வந்த புதிதில் நாமும் துணைவியாரும் ஹோட்டல் அறைகள் துப்பரவு செய்தோம். ஊரில் கரும்பலகைக்கு முன் நின்ற கையால் ஒருநாளைக்குப் பதினாறு கட்டில்கள் விரித்தோம். இதை வாசிப்போரிற் பலருக்கும் இது புதிய செய்தியன்று. எனவே இங்கே துணைவியாருக்குப் பழக்கம் விடவில்லை. விடியமுன் எழுந்து, விரிப்பை இழுத்து மடித்து, குளியலறையைத் துடைத்து, துவாய்களை அடுக்கிவைத்துவிட்டார். மூன்றாம் நாள் அவ்விளைஞன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “அம்மா, எல்லாத்தையும் நீங்களே செய்து வைச்சா, எனக்கு வேலை இல்லையெண்டு சொல்லிப்போடுவாங்க.” அன்று மட்டும் துணைவியார் கட்டிலைக் குலைத்தபடியே விட்டு வெளியே வந்தார். பாலத்திலே நிற்கும்போதும் அவருடைய கண் வாசலிலேயே இருந்தது.

இனி அந்நாட்டு மக்களைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏறத்தாழ 1,200 தீவுகளுள் மக்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. இயற்கை நிலத்தின் மிக உயர்ந்த இடமே இரண்டரை மீற்றருக்கு உட்பட்டது. 1987 இல் பேரலைகள் மாலே நகருட் புகுந்தன. அதன்பின் யப்பானிய உதவியுடன் நகரைச் சுற்றிக் கொங்கிறீட் அரண் எழுந்தது. 1998 இற் கடல் சூடேறி, ஆழமற்ற நீரிலிருந்த முருகைகளிற் பெரும்பகுதி வெளிறி மடிந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை எமது கரைகளுக்குச் செய்ததை நாம் அறிவோம். அதே அலை அங்கே கந்தொலுதூ என்னுந் தீவை வாழவியலாததாக்கியது. அத்தீவு மக்கள் வெவ்வேறு தீவுகளில் தற்காலிகக் கொட்டில்களிலே நான்காண்டளவு காத்திருந்து, பின்னர் துவாஃபாரு என்ற ஆளில்லாத் தீவிலே குடியேற்றப்பட்டனர். முழு ஊரும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததே, அதுவும் பெரும்பேறு என்றார் துணைவியார். எமது ஊரவர் இன்று எத்தனை நாடுகளில் என்பதை அவர் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை.

2008 இல் அதிபராகத் தெரிவான முகம்மது நசீத், நாடு மூழ்குமாயின் மக்களைக் குடியேற்ற வேறெங்காவது நிலம் வாங்கப் பணஞ் சேர்க்க வேண்டுமென்றார். இலங்கையும் இந்தியாவும் அப்போது பேசப்பட்ட இடங்கள். அடுத்த ஆண்டு அமைச்சரவையையே கடலடியிற் கூட்டிக் காட்டினார். இன்னொன்றையும் மறைத்தல் முறையன்று. 1988 நவம்பர் 3 ஆம் நாள் ஈழத்தமிழ் இயக்கமொன்றின் ஆயுததாரிகள், அந்நாட்டவர் சிலரின் கூலியாட்களாக மாலேயில் இறங்கி ஆட்சியைக் கவிழ்க்க முனைந்தனர். இந்தியப் படை வந்து முறியடித்தது. மாலே தெருக்களிலே “எந்த நாடு?” என்று ஒரு முதியவர் கேட்டபோது, நாம் விடைசொல்லச் சற்றே தாமதித்தோம்.

போக விரும்பும் குடும்பங்களுக்குச் சில சொல். ஆடம்பர விடுதிதான் வேண்டுமென்பதில்லை. ஏறத்தாழ 2010 இலிருந்து மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த இடமளிக்கப்பட்டுள்ளது. செலவு மிகக் குறைவு, பணமும் அவ்வூரவர் கைக்கே போகும். அங்கே உடையில் அடக்கம் வேண்டும். மதுவும் பன்றியிறைச்சியும் கொண்டுசெல்லலாகாது. வழிபாட்டுச் சிலைகளுக்கும் தடையுண்டு. பயணப்பையிற் பிள்ளையாரை வைத்துக் கொண்டுபோகும் வழக்கமுள்ளோர் அவரை வீட்டிலேயே விட்டுச் செல்க. அகதிகளுக்கான பயண ஆவணம் வைத்திருப்போர், அனுமதி உண்டா என்பதை எழுத்தில் உறுதிசெய்யாமற் பயணச்சீட்டு எடுக்கவேண்டாம்.

திரும்பும் நாளில் மாலே துறைமுகத்தருகே மீன்சந்தைக்குப் போனோம். துணைவியார் ஒரு கட்டையைக் கையில் எடுத்து முகர்ந்து, “மாசி” என்றார். கடைக்காரரும் சிரித்து, அதே சொல்லுக்குக் கிட்டிய ஒரு சொல்லைச் சொன்னார். இரண்டு கிலோ வாங்கி, ஐந்து பைகளில் மாறி மாறிச் சுற்றியும் விமானத்தில் மணம் அடங்கவில்லை.