பெரும்பான்மை இல்லாத சென்னை: 1952

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்து நடத்தப்பட்ட முதல் பொதுத்தேர்தலில், அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் 152 இடங்களையே பெற்றது. பெரும்பான்மைக்கு 188 வேண்டியிருந்த நிலையில், 62 இடங்களை வென்ற கம்யூனிஸ்ட் கட்சியும் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியும் வேறு சில குழுக்களும் ஐக்கிய ஜனநாயக முன்னணி என்ற பெயரில் ஒன்றுகூடி, டி. பிரகாசத்தைத் தலைவராகக் கொண்டு ஆட்சியுரிமை கோரின.

எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிட்டாத நிலை ஒரு குடியரசை எங்கே கொண்டு நிறுத்தக்கூடும் என்பதற்கு, 1919 முதல் 1933 வரை நீடித்த ஜெர்மனியின் வைமர் குடியரசே பலரும் காட்டும் சான்று. ஏறத்தாழ 60,000 வாக்குகளுக்கு ஓர் இடம் என்ற விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையால் அங்கே சிறு கட்சிகள் பெருகின. 1928இல் ஹெர்மன் முல்லர் ஐந்து கட்சிகளைச் சேர்த்து அமைத்த கூட்டணி அரசு, வேலையற்றோர் காப்பீட்டுக்கான சந்தாவை உயர்த்துவதில் உடன்பாடு காணாமல் 1930 மார்ச்சில் கவிழ்ந்தது. அதன்பின், மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் ஹிண்டன்பர்க், நெருக்கடிக் காலத்தில் அவசர ஆணைகளால் ஆள இடமளித்த 48ஆம் பிரிவின் துணையுடன் தாம் விரும்பியவர்களைப் பிரதமராக்கினார். அவ்வாறு நியமிக்கப்பட்ட பாப்பன் மீது 1932 செப்டம்பரில் நாடாளுமன்றம் 512க்கு 42 என்ற கணக்கில் நம்பிக்கையின்மை தெரிவித்தது.

சென்னையிலும் தொடக்கம் ஐயத்துக்கு இடமளிப்பதாகவே இருந்தது. ஆளுநர் ஸ்ரீபிரகாசா, முன்னணியை அழைக்காமல், தேர்தலில் போட்டியே இடாத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து, 1952 ஏப்ரலில் முதலமைச்சராக்கினார். நடைமுறையை மட்டும் வைத்து மதிப்பிட்டால் இது ஹிண்டன்பர்க்கின் வழிக்கு அதிகத் தொலைவில் இல்லை. அன்றைய எதிர்க்கட்சிகளின் கோபம் நியாயமானதே. ஆனால் ராஜாஜி சட்டமன்றத்தைத் தவிர்த்து ஆள முயலவில்லை. ஜூலை 3 அன்று நம்பிக்கை கோரி, 151க்கு எதிராக 200 வாக்குகளைப் பெற்றார்.

152 எவ்வாறு 200 ஆயிற்று என்பதில்தான் தமிழகத்தின் தனித்தன்மை புலப்படுகிறது. வன்னியர்களின் ஆதரவில் வளர்ந்த இரு கட்சிகளில், தென்னார்க்காடு, சேலம் பகுதிகளில் வலுப்பெற்றிருந்த எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கு 19 இடங்களும், மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6 இடங்களும் இருந்தன. பின்னதன் களம் வடஆர்க்காடும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களை அன்று உள்ளடக்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டமும் ஆகும். மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜியின் அமைச்சரவையிலேயே இடம்பெற்றார். சுயேச்சைகள் பலரும் ஆளும் தரப்பை நாடினர். 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தபோது கம்யூனிஸ்ட் உறுப்பினர்களில் பெரும்பகுதியினரும் அதனுடன் சென்றுவிட, சிக்கல் தானாகவே பாதி தீர்ந்தது. (காங்கிரசை எதிர்த்து நின்ற அதே பிரகாசம், காங்கிரசின் ஆதரவுடன் ஆந்திரத்தின் முதல் முதலமைச்சரானது அரசியலின் குறும்பு.)

1954 ஏப்ரலில் பொறுப்பேற்ற காமராஜர் ராமசாமி படையாட்சியையும் அமைச்சராக்க, இரு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன. 1955 ஜனவரியில் ஆவடியில் யு.என். தேபர் தலைமையில் கூடி, சோசலிசப் பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானித்த அகில இந்திய காங்கிரஸ் மாநாட்டை வரவேற்று நடத்தியது, மூன்றாண்டுகளுக்கு முன் ஆள் சேர்த்து ஆட்சி அமைத்த அதே மாநில காங்கிரஸ்தான். 1957இல் அது 205 இடங்களில் 151ஐ வென்றது.

ஆயினும் இதைக் கூட்டணி ஆட்சியின் வெற்றி என்பதைவிட, கூட்டாளிகளைச் செரித்துக்கொண்ட ஒரு பெருங்கட்சியின் வெற்றி என்பதே பொருந்தும். அமைச்சரவையைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் இங்கே வேரூன்றவில்லை: 2006இல் 234 இடங்களில் 96 மட்டுமே பெற்ற தி.மு.க., காங்கிரஸ், பா.ம.க. ஆகிய கட்சிகளின் ஆதரவை வெளியிலிருந்தே பெற்று, அவற்றுக்கு ஓர் அமைச்சர் பதவிகூட அளிக்காமல் முழுப் பதவிக்காலமும் ஆண்டது.